வாய்க்கா கரையும் பாதைதான்

நேயர்களுக்கு வணக்கம். சின்ன ஊருல நடக்கதுக்கும் சைக்கிள் ஓட்டுததுக்கும் பாதை போடுதத பத்தி பேசச் சொல்லிருக்காங்க. பாதைன்னதுமே மெட்ராஸ் பாண்டி பஜார்ல 2019ல போட்டாங்களே, அத மாதிரி கல்லு பதிச்சு பெஞ்சு போட்டுத் தருவாங்கன்னு நெனச்சிருவோம். அம்பாசமுத்திரத்துக்கோ கல்லிடைக்குறிச்சிக்கோ அதெல்லாம் எதுக்குங்க, ரோடே அவ்வளவு அகலம் கிடையாதுல்லா.

நம்மட்ட வாய்க்கா கரை இருக்கு. கல்லிடைக்குறிச்சியில இருந்து சேரன்மகாதேவி பக்கம் வரைக்கும் கன்னடியன் கால்வா ஊர ஒட்டியேதான போவுது, பஸ்ஸு லாரி தொந்தரவு இல்லாம பிளஸ் ஒன் பிள்ளைய அரசாங்கம் குடுத்த சைக்கிள்ல அப்படியே ஸ்கூலுக்குப் போயிரலாம், ஆனா கரை நீர்வளத்துறைக்குச் சொந்தம், தெரு பேரூராட்சிக்கு, மெயின்ரோடு நெடுஞ்சாலைத்துறைக்கு, அதனால ஒவ்வொருத்தர் எல்லை முடியுத எடத்துலயும் பாதையும் முடிஞ்சு போவும். பிளான் போடுதவங்க மொதல்ல உக்கார வேண்டியது அந்த முடியுத எடத்துலதான். மத்ததெல்லாம் பொறவு.

கரையில காங்கிரீட்டு வேண்டாம். தூர்வாரதுக்கு ஜேசிபி வரணும், சரள் மண்ண கொட்டி நல்லா அமுக்கி உட்டாலே சைக்கிள் ஓடும். இன்னொண்ணு, படித்துறை. பொம்பளைய குளிக்கிற எடத்துக்கு நேரா பாதைய உட்டா சாயங்காலம் வாரவன் போறவனெல்லாம் லைட்ட அடிச்சுக்கிட்டே போவான், அவங்களுக்குக் குளிக்க எடமே இல்லாமப் போயிரும். அந்த இடத்துல மட்டும் பாதைய பின்னால சுத்தி உடணும், எப்படின்னு அவங்கள்ட்டயே கேட்டுட்டு. மேப்ப வச்சு கோடு போடுதவங்களுக்கு இது எங்க தெரியப்போவுது.

அப்புறம் மெயின்ரோட்டு ஓரம். பிளாட்பாரத்த ஒரு அடி ஒசரத்துக்குத் தூக்கிக் கட்டிருதாங்க, வீட்டுக்கு வீடு சரிவு வேற, ஏறி எறங்கியே முட்டி போயிரும், பெரியவங்க எல்லாம் கீழ தார்ரோட்டுலயே நடக்காங்க. ரோடு போடுததுக்கு விதி எழுதுத இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்போட விதியில 15 சென்டிமீட்டருக்கு மேல ஒசரம் கூடாது, நடக்க 1.8 மீட்டராவது அகலம் வேணும்னுதான் இருக்கு. வாய்க்கா பாதை ரோட்ட தாண்டுத எடத்துல ரோட்டையே கொஞ்சம் மேடாக்கி, அகலமா கிராசிங் வச்சிட்டா டிரைவர் தானா பிரேக் போடுவாரு. ஆள் நடமாட்டம் உள்ள ரோட்டுல வண்டி 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போவக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, வெறும் போர்டு வச்சா யாருங்க மதிக்கா?

தென்காசி பக்கம் உள்ளவங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். சாரல் சீசன்ல செங்கோட்டை கணவாய் வழியா அடிக்கிற காத்துல மேக்க பாத்து சைக்கிள் மிதிக்கது என்ன பாடுன்னு மிதிச்சவனுக்குத்தான் தெரியும், காத்து குறுக்க அடிக்கிற பாதையில அது வார பக்கமா புங்கமும் வேம்பும் நெருக்கி வச்சா காத்துக்கும் தடுப்பு, சித்திரை வெயிலுக்கும் நெழல். செலவுன்னு பாத்தா மொத ரெண்டு வருசம் தண்ணி ஊத்தணும், ஆடு கடிக்காம கூண்டு வைக்கணும். டெண்டர்ல மரம் நடுததுக்குப் பணம் இருக்கும், தண்ணி ஊத்துததுக்கு இருக்காது, அதையும் சேத்து எழுதச் சொல்லுங்க. வாரேன், நன்றி.