48 மணி நேரத்தில் ஒரு கேம்

வணக்கம் நேயர்களே.

கேம் செய்யப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த எஞ்சினில், அதாவது கேம் செய்ய உதவும் எந்த மென்பொருளில் ஆரம்பிக்கலாம், யூனிட்டியா, கோடோவா, வேறு ஏதாவதா? நான் எஞ்சின் பெயர் எதையும் சொல்வதில்லை. அடுத்த கேம் ஜாம் எப்போது என்று பார்த்துப் பெயர் கொடுத்துவிடுங்கள், எஞ்சினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை, உண்மையாகவே அதுதான் என் பதில், இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கேம் ஜாம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒரு நாளும் நேரமும் குறிப்பார்கள். அந்த நேரம் வந்ததும் ஒரு தலைப்பை அறிவிப்பார்கள். அந்த நொடியிலிருந்து 48 மணி நேரம், சில ஜாம்களில் 72 மணி நேரம், சிலவற்றில் ஒரு வாரம். அதற்குள் அந்தத் தலைப்பை ஒட்டி ஒரு கேமை யோசித்து, செய்து, முடித்து, முன்பின் தெரியாதவர்கள் விளையாடும்படி இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். பெரும்பாலானவற்றில் பரிசுப் பணமும் கிடையாது, நுழைவுக் கட்டணமும் கிடையாது. 2002 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் சில புரோகிராமர்கள் கூடி, திரையில் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் உருவங்களைக் காட்டக்கூடிய ஒரு எஞ்சினைப் பொதுவில் வைத்துக்கொண்டு, இதை வைத்து என்னென்ன செய்யலாம், செய்துதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தார்கள். அடுத்த மாதமே லூடம் டேர் என்ற ஜாம் இணையத்தில் தொடங்கியது. 2009 ஜனவரியில் குளோபல் கேம் ஜாம் முதன்முறையாக நடந்தபோது 23 நாடுகளில் 53 இடங்களில் ஆட்கள் கூடி உட்கார்ந்து கேம் செய்தார்கள். இன்றைக்கு, கேம்களை ஏற்றி வைக்கும் இட்ச்.ஐஓ தளத்தைத் திறந்தால் எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு ஜாம் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எஞ்சினில் எது எங்கே இருக்கிறது என்று அவைதான் காட்டிக்கொடுக்கும். ஆனால் வீடியோவில் பேசுகிறவர் எல்லா முடிவுகளையும் உங்களுக்கு முன்பே எடுத்துவிட்டார். அந்த உருவம் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், நாணயம் எங்கே கிடக்க வேண்டும், எப்போது தோற்க வேண்டும், எல்லாமே அவருடைய முடிவு. நீங்கள் கூடவே தட்டச்சு செய்கிறீர்கள், ஓடுகிறது, சந்தோஷமாக இருக்கிறது. வீடியோவை மூடிவிட்டு வெறும் திரையைத் திறந்தால் கை ஓடுவதில்லை. முடிவெடுத்துப் பழக்கமில்லை, முடித்தும் பழக்கமில்லை. தலைப்புத் திரை, தோற்றால் மறுபடி தொடங்க ஒரு வழி, ஜெயித்துவிட்டாய் என்று சொல்ல ஒரு திரை, இதெல்லாம் பாதியில் நிற்கும் கேமில் வரவே வராது. ஜாமில் முதல் முறையே வந்துவிடும், ஏனென்றால் அவை இல்லாமல் கேமை அனுப்ப முடியாது.

ஒரு மாணவியின் முதல் ஜாமைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது, எங்கே போனாலும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கேயும் சொல்லாமல் இருக்க முடியாது.

தலைப்பு, வெளிச்சம். அவர் மனதில் ஒரு முழு ஊரே இருந்தது. இருளில் மூழ்கிய ஊர், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், ஒவ்வொருவரோடும் பேசலாம், கடையில் எண்ணெய் வாங்கலாம், கடைசியில் ஊர் முழுக்க விளக்கேற்றலாம். அருமையான கற்பனை, 48 மணி நேரத்துக்கு அது அகலக்கால். முதல் நாள் இரவு முடிந்தபோது திரையில் இருந்தது ஓர் இருட்டறை, அதில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சம், மேலே எண்ணெய் அளவைக் காட்டும் ஒரு கோடு. சதுரம் நடக்கும், குதிக்கும். எண்ணெய் தீர்ந்தால் தோல்வி.

மறுநாள் காலையில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எண்ணெய் எப்போது குறைய வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். நேரம் போகப் போகக் குறையும்படி வைத்தார்: விளையாடுகிறவர் எதையும் பார்க்காமல் தலைதெறிக்க ஓடினார். குதிக்கும்போது மட்டும் குறையும்படி வைத்தார்: யாருமே குதிக்கவில்லை, சுற்றிச் சுற்றி நடந்தார்கள், சலிப்பாக இருந்தது. அப்புறம், நகர்ந்தால் மட்டும் குறையும், சும்மா நின்றால் குறையாது என்று வைத்தார். உடனே விளையாடுகிறவர்கள் நின்றார்கள். நின்று, அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில் தெரிவதைப் பார்த்து, யோசித்து, பிறகு ஓர் அடி எடுத்து வைத்தார்கள். புரோகிராமில் மாறியது இரண்டே வரிகள்தான், ஆனால் கேமே வேறாகிவிட்டது. விதி மாறினால் ஆளின் நடத்தை மாறுகிறது, இதைப் புத்தகத்தில் நூறு முறை படிக்கலாம், ஆனால் தன் கையாலேயே மாற்றி, அடுத்த நிமிடம் இன்னொருவர் நடந்துகொள்ளும் விதம் மாறுவதைக் கண்ணால் பார்ப்பது வேறு. ஊரையும் கடையையும் அப்போதே தூக்கிப் போட்டுவிட்டார். ஒரே அறை, ஒரே விளக்கு போதும் என்று முடிவு செய்தார்.

அன்று மதியம் தோழி ஒருத்தியை உட்காரவைத்து விளையாடச் சொன்னார். ஒரு மேடையின் விளிம்பிலிருந்து அடுத்த மேடைக்குத் தாவ வேண்டும். தோழி ஓடி வந்தாள், பட்டனை அழுத்தினாள், பள்ளத்தில் விழுந்தாள். "நான் அழுத்தினேனே!" என்றாள். மறுபடி ஓடினாள், மறுபடி விழுந்தாள், மறுபடி அதே வார்த்தை. இவருக்கோ உட்காரவே முடியவில்லை, கொஞ்சம் முன்னாடியே அழுத்து என்று சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

நேயர்களே, இன்றைய பேச்சில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இது நின்றால் போதும். உங்கள் கேமை ஒருவர் விளையாடும்போது வாயைத் திறக்காதீர்கள். விளக்கம் வேண்டாம், உதவி வேண்டாம். இணையத்தில் ஏற்றிய பிறகு விளையாடுகிறவர்கள் பக்கத்தில் நீங்கள் இருக்கப் போவதில்லை, அதனால் கேம் தானே பேச வேண்டும்.

சரி, தோழி சொன்னதற்கு வருகிறேன். அவள் உண்மையாகவே அழுத்தினாள். கணினி ஒரு நொடியில் 60 முறை படம் வரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் அழுத்தியது சதுரம் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று படங்கள் ஆன பிறகு. அந்தக் கணத்தில் சதுரத்தின் காலடியில் தரை இல்லை, தரையில் இருந்தால்தான் குதிக்கலாம் என்று எழுதியிருக்கிறது, அதனால் குதிக்கவில்லை. கணக்குப்படி கேம் செய்தது சரி. ஆனால் அவள் கண்ணுக்கு அது இன்னும் விளிம்பில்தான் நிற்கிறது, அதுவும் பாதி இருட்டில். கண்ணை நம்பித்தான் எல்லோரும் விளையாடுகிறோம், நொடியை அறுபதாகப் பிரித்து யாரும் விளையாடுவதில்லை. போனில் கேம் விளையாடும்போது நீங்களும் எத்தனையோ தடவை "நான் அழுத்தினேனே" என்று சொல்லியிருப்பீர்கள்.

இதற்குக் கேம் செய்கிறவர்கள் கையாளும் வழிக்குக் கயோட்டி டைம் என்று பெயர். விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு, தரையில் இருப்பதாகவே கணக்கில் எடுத்துக்கொள்வது. இதே போல், தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே பட்டனை அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்திருந்து, தொட்டதும் குதிக்கச் செய்வது. செலெஸ்ட் என்ற மலையேறும் கேமை விளையாடியவர்கள் உங்களில் இருக்கலாம். கடினமான கேம் என்று பெயர் வாங்கியது, ஆனாலும் கை நினைத்ததைச் செய்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த மாதிரிச் சின்னச் சின்னச் சலுகைகள் அதில் நிறைய இருக்கின்றன. 2018-இல் வெளிவந்த அந்தக் கேமும் 2015-இல் ஒரு ஜாமில் நான்கு நாளில் செய்த குட்டி கேமாகத்தான் பிறந்தது.

அந்த மாணவி அன்று மாலை இதைச் சேர்த்தார், ஒரு எண்ணும் ஒரு நிபந்தனையும்தான். தோழி மறுபடி உட்கார்ந்தாள், தாவினாள், தாண்டினாள், என்ன மாறியது என்றே அவளுக்குத் தெரியவில்லை. எவ்வளவு பேசினாலும் எனக்கு இதில் அலுப்பதில்லை. நல்ல வேலை செய்திருந்தால் விளையாடுகிறவருக்கு அது தெரியாது, தான் திறமையாக விளையாடுகிறோம் என்றுதான் நினைப்பார்.

அனுப்பும் கட்டத்துக்கு வருகிறேன். முடிந்தவரை பிரவுசரிலேயே ஓடும்படி கேமை ஏற்றுங்கள். டவுன்லோட் செய்து, திறந்து, எச்சரிக்கையை மூடிவிட்டு விளையாட நிறையப் பேருக்குப் பொறுமை இருக்காது. ஆனால் பிரவுசருக்குச் சில குணங்கள் உண்டு. விளையாடுகிறவர் ஒரு முறையாவது கிளிக் செய்யும் வரை பிரவுசர் சத்தத்தை விடாது, அதனால் தொடங்கு என்ற ஒரு பட்டனோடு ஒரு திரையை முன்னால் வையுங்கள். ஆங்கிலக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தால் உங்கள் விண்டோஸ் கணினி கண்டுகொள்ளாது, வலையில் ஏற்றியதும் படம் வராது. இதெல்லாம் கடைசி அரை மணியில் தெரிந்தால் அழுகை வரும். அதனால் முதல் நாளே, வெறும் சதுரம் மட்டும் இருக்கும்போதே, ஒரு முறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். சதுரம் பிரவுசரில் நகர்ந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஏற்றிய பிறகும் ஜாம் முடியவில்லை. மற்றவர்களின் கேம்களை விளையாடி, எங்கே சிக்கிக்கொண்டீர்கள், எது பிடித்தது என்று எழுதுங்கள். எழுதுகிறவரின் கேமைத்தான் மற்றவர்களும் தேடி வந்து விளையாடுவார்கள். அது மட்டுமல்ல, ஒரே தலைப்பை நூறு பேர் நூறு விதமாக எடுத்திருப்பதைப் பார்ப்பதே ஒரு படிப்பு. பாபா இஸ் யூ என்ற புதிர் கேம், 2017-இல் நார்டிக் கேம் ஜாமில் பிறந்தது. சுவர் தடுக்கும், கொடி வெற்றி என்ற விதிகளே திரையில் சொற்களாகக் கிடக்கும், அவற்றைத் தள்ளி மாற்றி விதியையே மாற்றலாம். 2019-இல் முழு கேமாக வந்தது. இப்படிப் பெயரெடுப்பதற்காக ஜாமுக்குப் போகாதீர்கள், அது பல்லாயிரத்தில் ஒன்று. ஒரு யோசனையை மட்டும் பிடித்துக்கொண்டு அதன் அடிவரை போவது எப்படி என்று பார்ப்பதற்காக அதை விளையாடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ஒலியைப் பற்றித் தனியாக நிறையச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கமாகவே முடிக்க வேண்டும். சத்தம் சேர்க்கத் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற இலவசக் கருவி, 2007-இல் லூடம் டேரில் கலந்துகொள்கிறவர்களுக்காகவே செய்யப்பட்டது. குதிக்கும் சத்தம் வேண்டுமா, ஒரு பட்டன், வெடிக்கும் சத்தமா, இன்னொரு பட்டன், பிடிக்கும் வரை அழுத்திக்கொண்டே இருக்கலாம். படம் வரையத் தெரியாதவர்களுக்குக் கென்னி என்ற தளத்தில் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு படங்கள் குவிந்து கிடக்கின்றன, ஜாமின் விதிகள் அனுமதிக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு தூங்குங்கள், தூக்கமில்லாமல் எழுதிய புரோகிராமை மறுநாள் காலை திருத்துவதற்கே நேரம் போய்விடும். வேலைக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு வார ஜாமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பலரோடு ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து செய்ய ஆசையிருந்தால் குளோபல் கேம் ஜாம் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது, தனியாகப் போனாலும் அங்கே குழு சேர்ந்துவிடும். பெயர் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.