ஒரு பள்ளிக்கு ஒரு சென்ட்

(மேல்நிலை வகுப்பு உயிரியல் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்து காத்திருக்கும் மாவட்ட வன அலுவலர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, மண்டபமும் மதியச் சாப்பாடும் தந்து உதவிய வர்த்தகர் சங்கப் பெரியோர்களே, விலங்கியல், தாவரவியல் முதுகலை ஆசிரியப் பெருமக்களே, இடமில்லாமல் கடைசியில் நின்றுகொண்டிருக்கும் ஆய்வக உதவியாளர்களே, அனைவருக்கும் வணக்கம். ஆய்வக உதவியாளர்களைத்தான் முதலில் விளித்திருக்க வேண்டும். செய்முறைத் தேர்வு யார் தோளில் நடக்கிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

பிளஸ் டூ மாணவர்களுக்குச் சூழலியலையும் விலங்கு நடத்தையையும் எப்படிக் கற்பிப்பது என்பது எனக்குத் தந்த தலைப்பு. எண்ணுவது, கவனிப்பது, சோதிப்பது என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன். அழைப்பிதழில் அச்சிடாத நாலாவது ஒன்றும் உண்டு. அதற்காகத்தான் வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்கிறோம். மணலுக்குள் புதைந்து, யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற தவளை, மழை பெய்ததும் கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வாயாடிப் பிள்ளையை அதட்ட இதைச் சொல்கிறோம். உயிரியல் ஆசிரியருக்கோ இது ஒரு முழு அத்தியாயம். கெடும் என்று தெரிந்தும் ஏன் கத்துகிறது?

விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் 1963-ல் எழுதிய கட்டுரையில், எந்த நடத்தையைப் பற்றியும் நான்கு கேள்வி கேட்கச் சொன்னார். உடலுக்குள் அதை இயக்குவது எது? வளரும் பருவத்தில் அது எப்படி உருவாகிறது? அதனால் உயிருக்கு என்ன பயன்? பரிணாம வரலாற்றில் எப்படி வந்தது? பத்து ஆண்டு கழித்து, கொன்ராட் லோரன்ஸ், கார்ல் ஃபான் ஃப்ரிஷ் இருவரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் வகுப்பில் முதல் கேள்வியோடு மணி அடித்துவிடுகிறது.

மூன்றாவது கேள்விக்குப் பனாமா போக வேண்டும். கால்வாய் வெட்டியபோது தண்ணீர் ஏறி, மலையுச்சி ஒன்று தீவாகிவிட்டது. பாரோ கொலராடோ என்று பெயர். அங்கே துங்கரா என்றொரு தவளை, மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆண் தவளை குட்டையில் மிதந்தபடி 'ட்யூ…' என்று இழுக்கும். தனியாக இருந்தால் அதோடு சரி. பக்கத்தில் இன்னொருவன் வந்து கத்தினால் விடுமா? 'ட்யூ… கக்' என்று ஒரு வெட்டு சேர்க்கும். அவனும் சேர்த்தால் 'ட்யூ… கக் கக்'. இப்படி ஏழு 'கக்' வரைக்கும் போகும். பெண் தவளை 'கக்' உள்ள குரலைத்தான் நாடிப் போகும். சரி, ஏழையும் எப்போதும் சேர்த்துக் கத்த வேண்டியதுதானே? அங்கேதான் வௌவால் வருகிறது. தவளையின் குரலைக் கேட்டே அதைப் பிடித்துத் தின்னும் வௌவால் அந்தக் காட்டில் உண்டு. மெர்லின் டட்டில், மைக்கேல் ரையன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒலிபெருக்கியில் இரண்டு விதக் குரலையும் போட்டுப் பார்த்தார்கள். வௌவாலும் 'கக்' உள்ள பக்கமே போனது! பெண்ணுக்குப் பிடித்ததுதான் எமனுக்கும் பிடித்திருக்கிறது. (கைதட்டல்) இருங்கள், இன்னும் முடியவில்லை. வௌவாலின் நிழல் தெரிந்ததும் தவளை சட்டென்று வாயை மூடிவிடும். ஆனால் கத்தும்போது தண்ணீரில் எழுந்த சிற்றலை சில விநாடி ஓடிக்கொண்டே இருக்கும். வௌவால் அதை எதிரொலியால் கண்டுபிடிப்பது 2014-ல் தெரியவந்தது. வாயை மூடிய பிறகும் கெடுகிறது நுணல். இந்த ஒரு கதைக்குள் இணையைத் தேர்ந்தெடுக்கும் பாலினத் தேர்வும் கொன்றுண்ணலும் இருக்கின்றன, ஆதாய நட்டக் கணக்கும் இருக்கிறது. மற்ற இரண்டு கேள்விகளை வகுப்பில் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழையின் முதல் கனமழை அக்டோபரில். அப்போதுதான் பெரிய தவளை மஞ்சள் பூசிக்கொண்டு, நீலக் குரல்பைகள் புடைக்கக் கத்தும். நம் விலங்கியல் பாடநூலில் சூழலியலோ கடைசி அலகு. அதைத் தொடும்போது திருப்புதல் தேர்வு வாசலில் நிற்கும், தவளை கத்தி ஓய்ந்திருக்கும். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பாடச் சுமையைக் குறைக்கிறேன் என்று 'சுற்றுச்சூழல் பிரச்சினைகள்' அத்தியாயத்தையே எடுத்துவிட்டது. நாம் எடுக்காமலே எடுத்த கதையாக நடத்துகிறோம். இந்த அலகை அக்டோபருக்கு நகர்த்த எந்த அரசாணையும் வேண்டாம், பாடத்திட்டக் குறிப்பேட்டில் மாற்றி எழுதினால் போதும்.

மழை விட்ட மாலை, இருட்டியதும் வெளியே உட்காருங்கள். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, அடுத்த ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். எந்தத் தவளைக் குரலும் கேட்காவிட்டால் 0 என்று குறியுங்கள். குரல்கள் தனித்தனியாக, எண்ணும்படி இருந்தால் 1. ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் பிரித்தறிய முடிந்தால் 2. ஒரே இரைச்சலாக, விடாமல் கேட்டால் 3. வெப்பநிலை, மழையளவு, நேரம் மூன்றையும் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். டார்ச்சும் மூடிய காலணியும் இல்லாத பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். பெற்றோர் ஒருவராவது உடன் வர வேண்டும்.

பகலில் செய்யும் சோதனைக்குப் பழ ஈ போதும். அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏ.பி. உயிரியல் பாடத்தின் செய்முறைகளில் இது ஒன்று, நமக்கோ பத்து ரூபாய்ச் செலவு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை அடிப்பாகம் நீக்கி, வெட்டிய வாய்களைச் சேர்த்து டேப் ஒட்டுங்கள். ஒரு மூடியின் உட்புறம் வினிகர் மூன்று சொட்டு விட்ட பஞ்சு, மறு மூடியில் அதே அளவு தண்ணீர் விட்ட பஞ்சு. கனிந்த வாழைப்பழத்தில் பிடித்த ஈக்கள் 30. ஐந்து நிமிடம் கழித்து இரு பக்கமும் எண்ணுங்கள். எங்கே கெடும்? பாட்டில் சற்றுச் சாய்ந்தாலே ஈ மேட்டுப் பக்கம் ஏறிவிடும், வினிகருக்கு அதில் பங்கில்லை. ஒரு பக்கம் ஜன்னல் இருந்தால் வெளிச்சத்துக்குப் போகும். ஆகவே பஞ்சுகளை இடம் மாற்றி மறுபடி செய்தே ஆக வேண்டும். வினிகர் பக்கம் 20, மறுபக்கம் 10 என்று வந்தால் மாணவர் துள்ளுவார். வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் கை-வர்க்கக் கணக்கைப் போட்டால் 3.33 வரும், தற்செயல் இல்லை என்று சொல்லத் தாண்ட வேண்டிய அட்டவணை மதிப்பு 3.84. போதாது! 21, 9 என்று வந்தால் 4.8, அப்போது பேசலாம். ஒரே ஒரு ஈ முடிவை மாற்றுவதைக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கவனிப்பது என்றால் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று போதும். 'கோபமாக இருந்தது' என்று எழுத விடாதீர்கள், 'அலகால் குத்தியது' என்று எழுதட்டும். கண்ணில் பட்டதையெல்லாம் குறித்தால் சண்டை மட்டுமே ஏட்டில் ஏறும், சும்மா உட்கார்ந்திருந்த நேரம் ஏறாது. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-லேயே எச்சரித்த விஷயம் இது. நிமிடத்துக்கு ஒருமுறை தலை தூக்கி, அந்த நொடியில் எந்தப் பறவை என்ன செய்கிறது என்று மட்டும் குறிப்பது நல்ல வழி.

எண்ணுவதைப் பற்றி… துண்டுச்சீட்டு வந்துவிட்டது. பி.வி.சி. குழாயில் ஒரு மீட்டர்ச் சட்டம் செய்து, தரையில் வைத்து, உள்ளே இருக்கும் செடிகளை எண்ணுங்கள். ஆனால் அதை வீசாதீர்கள். வீசுகிற கை பசுமையான இடத்துக்கே போகும். குலுக்கல் எண்ணை வைத்து இடம் தேர்ந்தெடுங்கள். மீதியை இன்னொரு நாள் பார்ப்போம்.

இதெல்லாம் எங்கே நடக்கும்? சுதந்திர தினத்துக்கு முன் ஒருமுறை, குடியரசு தினத்துக்கு முன் ஒருமுறை மைதானத்தைச் செதுக்கிச் சருகைக் கொளுத்திவிடுகிறோம். அதனால்தான் ஒரு பள்ளிக்கு ஒரு சென்ட் கேட்கிறேன். சுமார் 40 சதுர மீட்டர், பக்கத்துக்கு ஆறரை மீட்டர் கூட இல்லை. வேலி போட்டு, புல் வெட்டாமல், களைக்கொல்லி தெளிக்காமல் விடுங்கள். நடுவில் இரண்டுக்கு ஒன்றரை மீட்டரில், நடு ஆழம் 45 சென்டிமீட்டரில் ஒரு குழி. தேரையும் ஓணானும் ஏறி வர ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும்.

கொசு வரும், டெங்கு வரும் என்பார்கள். டெங்குக் கொசு பெரும்பாலும் வளர்வது டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் மூடாத தொட்டியிலும். அதற்காகக் குழியை அப்படியே விடவும் கூடாது. வாரம் ஒருமுறை கரண்டியால் பத்து இடத்தில் மொண்டு பாருங்கள். கொசுப் புழு தெரிந்தால் நீரை இறைத்து வெயிலடிக்கும் காய்ந்த தரையில் ஊற்றிவிடுங்கள். அந்தக் கணக்கும் ஒரு செய்முறைதான். மீன் விடாதீர்கள், தலைப்பிரட்டையைத் தின்றுவிடும். வன அலுவலர் அவர்கள் மனம் வைத்தால் சுற்றி நட நாட்டு மரக்கன்று தருவார் என்று நம்புகிறேன். மேடையிலேயே கேட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும். நுணல் மாதிரி நானும் வாயால் கெட்டாலும் பரவாயில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்க இரண்டு வரித் தீர்மானம் அச்சடித்து, மேடைக்கு இடப்புறம் வைத்திருக்கிறோம். இடத்தின் நீள அகலத்தையும் குழி வெட்டும் மாதத்தையும் நிரப்பினால் போதும். மாதம் செப்டம்பரைத் தாண்ட வேண்டாம். நன்றி, வணக்கம்.