கடல் நீச்சலுக்கு 450 ரூபாய் இன்சூரன்ஸ், அதை வைத்து இத்தனை சண்டை!

வணக்கம் மக்களே. இன்றைக்கு தண்ணீரில் இறங்கவில்லை, நீலாங்கரைக் கரையில் உட்கார்ந்து பேச்சு மட்டும்தான். காற்று இரைச்சல் இருக்கும், உங்களுக்குப் பழக்கமானதுதானே.

அடுத்த மாதம் 5 கிலோமீட்டர் கடல் நீச்சலுக்குப் பதிவு செய்யப் போகிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? பதிவுப் பக்கத்தைத் திறந்தால் கட்டணம் 3,200. சரி, படகுக்கே பாதி போய்விடும், ஒத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: இன்சூரன்ஸ் 450 ரூபாய், கட்டாயம். எந்த கம்பெனி, எவ்வளவு தொகைக்கு, எதற்கெல்லாம், ஒரு விவரமும் கிடையாது. டிக் போட்டால்தான் அடுத்த பக்கமே வருகிறது. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. 450 ரூபாய் கொடுக்க நான் ரெடி, ஆனால் எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரிய வேண்டும்.

மெயில் போட்டேன். "எல்லாருக்கும் கவர் உண்டு" என்று ஒரு வரியில் பதில். போன் செய்தேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவருக்கும் தெரியவில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: கவர் எனக்கா, உங்களுக்கா? இதில் இரண்டு வகை இருக்கிறது மக்களே. பப்ளிக் லயபிலிட்டி என்பது, யாருக்காவது ஏதாவது ஆகி நிகழ்ச்சி நடத்துபவர் மேல் கேஸ் போட்டால் அவரைக் காப்பாற்றுவது. நடத்துபவரிடம் அது இருக்க வேண்டும், தப்பே இல்லை. ஆனால் நீந்துகிற எனக்கோ என் வீட்டுக்கோ நேராகப் பணம் தருவது குரூப் பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி. இரண்டையும் 'இன்சூரன்ஸ் இருக்கு' என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

விடவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டேன். நேற்று ராத்திரி பாலிசி பிடிஎஃப் வந்துவிட்டது! ரொம்ப சந்தோஷம் எனக்கு. உடனே உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன். ஆக்சிடென்ட் கவர்தான், ஆளுக்கு 5 லட்சம். உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோதான் பணம். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டு உடம்பெல்லாம் தடித்து ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தச் செலவு இதில் வராது. அதற்கு உங்கள் சொந்த ஹெல்த் பாலிசிதான்.

அந்த ஹெல்த் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். விலக்குகள் பகுதியில், அதாவது எதற்கெல்லாம் பணம் வராது என்ற பட்டியலில், Excl09 என்ற குறியீட்டு எண்ணில் சாகச விளையாட்டு என்று இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்துக் கொடுத்த வாசகம் என்பதால் எல்லா கம்பெனியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மலையேற்றம், ராஃப்டிங், ஸ்கூபா, ஆழ்கடல் டைவிங் என்று ஒரு பட்டியல். கடல் நீச்சல் பெயர் அதில் கிடையாது, ஆனால் 'இவை மட்டுமல்ல' என்று சேர்த்திருக்கிறார்கள். அதே வரியில், 'தொழில்முறை வீரராகப் பங்கேற்றால்' என்றும் இருக்கிறது. அந்த ஒரு சொல் நமக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? நாம் ஆபீஸ் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை நீந்துகிறவர்கள், தொழில்முறை வீரர்கள் இல்லை, அதனால் இந்த விலக்கு நமக்குப் பொருந்தாது என்று சொல்ல இடமிருக்கிறது. இருந்தாலும் பரிசுப் பணம் உள்ள போட்டி என்றால் உங்கள் கம்பெனியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது கிளெய்ம் நேரத்தில் நிற்காது.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன், பின்னாடி போகிறேன். அந்த பிடிஎஃபில் தேதி ஒரே ஒரு நாள்! போட்டி நாள் மட்டும். முந்தின நாள் சாயங்காலம் இவர்களே ஒரு பிராக்டிஸ் நீச்சல் வைத்திருக்கிறார்கள், எல்லாரும் இறங்குவார்கள். அதற்கு கவர் இல்லை. இதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். இன்று காலை பதில் வந்தது: இரண்டு நாளாக நீட்டிவிட்டார்களாம், பாலிசியில் அந்த மாற்றத்தைச் சேர்த்த எண்டார்ஸ்மென்ட் காப்பியும் அனுப்பியிருக்கிறார்கள். கட்டணம் அதே 450. எனக்கு மட்டுமில்லை, நீந்துகிற அத்தனை பேருக்கும் நீட்டியிருக்கிறார்கள்! காலையில் வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

சரி, இப்போது நான் ரொம்ப சீரியஸாகச் சொல்வது. பாலிசி தண்ணீரில் யாரையும் தூக்கிக் கரை சேர்க்காது. ஃபிரான் கிரிப்பன் என்ற அமெரிக்க வீரர், வயது 26. 2010 அக்டோபர் 23, ஐக்கிய அரபு அமீரகத்தில் ஃபுஜைராவில் 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டி. கொதிக்கிற வெயில், தண்ணீரும் வெதுவெதுப்பு. மற்றவர்கள் கரையேறிய பிறகு, அவருடைய அணிக்காரர் ஒருவர்தான் 'ஃபிரான் எங்கே' என்று தேட ஆரம்பித்தார். உடல் கிடைக்கக் கிட்டத்தட்ட 2 மணி நேரம் ஆனது. உலகத் தரப் போட்டியில் ஒருவர் குறைவதை நடத்துபவர்கள் கவனிக்கவில்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு அப்புறம்தான் சர்வதேச விதியில் தண்ணீரின் வெப்பத்துக்கு உச்ச வரம்பு வந்தது: 31 டிகிரி. கீழ் வரம்பு 16. போட்டிக்கு 2 மணி நேரம் முன்னால், பாதையின் நடுவில், 40 சென்டிமீட்டர் ஆழத்தில் அளக்க வேண்டும். கரையோரம் கால் நனைத்துப் பார்த்துவிட்டு 'சூப்பரா இருக்கு' என்று சொல்வது அளப்பது ஆகாது. நம் வங்கக் கடல் சித்திரை, வைகாசியில் 30 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அப்போது காலை 9 மணிக்கு மேல் போட்டி ஆரம்பிப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

படகு இன்னொன்று. இங்கே பாதுகாப்புக்கு வருவது மீனவர்களின் ஃபைபர் படகு. அந்த அண்ணன்கள் மேல் எனக்கு முழு நம்பிக்கை. வடக்கேயிருந்து இழுக்கிற வன்னி நீரோட்டமா, தெற்கேயிருந்து வருகிற தெண்டி நீரோட்டமா என்று தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் இன்ஜினின் நீளமான தண்டு முனையில் ப்ரொப்பெல்லர் வெறுமனே சுற்றுகிறது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கான மாஸ்டர்ஸ் நீச்சல் அமைப்பு கூண்டு போட்ட ப்ரொப்பெல்லரை வலியுறுத்துகிறது. ஒரு கம்பிக் கூண்டு அடிக்க வெல்டிங் பட்டறையில் எவ்வளவு ஆகிவிடும்? டீ-ஷர்ட், மெடலில் மிச்சம் பிடித்தால் போதும். எனக்கு மெடலே வேண்டாம்.

இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நீந்துகிற என் ஆரஞ்சு மிதவையைப் பற்றி எத்தனை வீடியோவில் பேசியிருக்கிறேன்! இந்த நிகழ்ச்சியில் அது எல்லாருக்கும் கட்டாயம். அதற்கு முழு மார்க். அலைக்கு நடுவில் வெறும் தலை படகுக்காரருக்குத் தெரியவே தெரியாது, ஆரஞ்சு தெரியும்.

இப்போது அவர்களிடம் இரண்டு கேள்வி பாக்கி. எத்தனை நீச்சல்காரருக்கு ஒரு படகு? இறங்கும்போது எண்ணுகிற அதே ஆள் ஏறும்போதும் நம்பரைப் பார்த்து டிக் போடுவாரா? இரண்டுக்கும் பதில் வந்தால்தான் 3,650 கட்டுவேன். பதிவு வெள்ளிக்கிழமை முடிகிறது. நீங்கள் போன நிகழ்ச்சிகளில் பாலிசி கேட்டு வாங்கியிருந்தால், உங்கள் பெயரையும் பாலிசி நம்பரையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் வரிவரியாகப் படிக்கலாம்.