மயில்கொன்றையும் ஒரு பச்சைப் புழுவும்

[திரையில்: வேலியோரம் பூத்திருக்கும் மயில்கொன்றை]

இந்தப் பூவை உங்களுக்கு நல்லாவே தெரியும். பள்ளிக்கூட வேலி, கோயில் நந்தவனம், வீட்டு வாசல்னு எங்க பார்த்தாலும் நிக்கும். இதே மயில்கொன்றை, 1705-ல ஆம்ஸ்டர்டாம்ல வெளியான ஒரு புத்தகத்துல 45-ஆவது படமா இருக்கு. இயற்கையைப் பத்தின படப் புத்தகங்கள்ல உனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு யார் கேட்டாலும், நான் இதைத்தான் சொல்வேன்.

[திரையில்: மரியா சிபில்லா மெரியன், உருவப்படம்]

வரைஞ்சவங்க மரியா சிபில்லா மெரியன். 1647-ல ஜெர்மனியில ஃப்ராங்க்ஃபர்ட்ல பிறந்தவங்க. பூச்சியெல்லாம் சேத்துலயும் அழுகல்லயும் தானா உண்டாகுதுன்னு பலரும் நம்பின காலம் அது. இவங்க 13 வயசுலயே பட்டுப்புழு வளர்த்து, முட்டை, புழு, கூடு, அந்துப்பூச்சின்னு ஒவ்வொண்ணையும் கூடவே இருந்து பார்த்தாங்க.

1699-ல, 52 வயசுல, தன்னோட படங்களை வித்துப் பணம் சேர்த்துக்கிட்டு, இளைய மகளோட தென் அமெரிக்காவுல இருக்கிற சுரினாமுக்குக் கப்பல் ஏறினாங்க. அங்க இருந்த டச்சுக் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கரும்பைத் தவிர எதுவும் கண்ணுல படலை. பூச்சி தேடி வந்த அம்மாவைக் கேலி பண்ணினாங்க. ரெண்டே வருஷத்துல உடம்புக்கு முடியாம அவங்க திரும்ப வேண்டியதாப் போச்சு. அந்த ரெண்டு வருஷ உழைப்புதான், செப்புத்தகட்டுல செதுக்கி அச்சடிச்ச 60 படங்களா அந்த 1705 புத்தகத்துல வந்துச்சு.

[திரையில்: அன்னாசிப் படம்]

முதல் படம் அன்னாசி. அதுலயே கரப்பான்பூச்சி ஊருது! பூச்சியைத் தனியா ஊசி குத்தி வச்ச மாதிரி அவங்க வரையலை. ஒரே பக்கத்துல செடி, அதுல புழு, கூடு, சிறகு விரிச்ச பூச்சி. ஒரு உயிரோட முழு வாழ்க்கையும் அங்கேயே இருக்கு.

[திரையில்: கொய்யாக் கிளைப் படம்]

18-ஆவது படத்துல ஒரு பெரிய சிலந்தி, தேன்சிட்டை விடச் சின்னதா ஒரு ஓசனிச்சிட்டை, அதாவது ஹம்மிங்பேர்டை, பிடிச்சுத் தின்னுது. இதெல்லாம் கட்டுக்கதைன்னு 19-ஆம் நூற்றாண்டுலயும் சிலர் ஒதுக்கித் தள்ளினாங்க. 1863-ல ஹென்றி பேட்ஸ்ங்கிற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர், சிலந்திகிட்ட மாட்டின பறவைகளை அமேசான்ல தானே பார்த்ததா எழுதினப்புறம்தான் அந்தப் பேச்சு அடங்குச்சு.

[திரையில்: 45-ஆவது படம், மெதுவாக நெருங்கி]

இப்போ நம்ம மயில்கொன்றை. அவசரப்படாமப் பாருங்க. நீண்டு வளைஞ்ச மகரந்தத் தாள்கள், தட்டைக் காய், இலைக்காம்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பச்சைப் புழு.

இந்தப் படத்துக்கு மெரியன் எழுதின குறிப்பைப் படிச்ச அன்னைக்கு எனக்கு வேற வேலை ஓடலை. சுரினாம்ல இருந்த அடிமைப் பெண்கள் இதோட விதையைக் கருவைக் கலைக்கப் பயன்படுத்தினாங்களாம். தங்களுக்குப் பிறக்கிற பிள்ளையும் அடிமையா வாழக் கூடாதுன்னு. அவங்களே என்கிட்ட சொன்னாங்கன்னு மெரியன் எழுதி வச்சிருக்காங்க.

சொன்ன பெண்களோட பேர் மட்டும் அந்தக் குறிப்புல இல்லை.