வாயுள்ள பிள்ளையும் வாயுள்ள வைத்தியரும்

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் வைத்திய கலாநிதி அவர்களே, மங்கல விளக்கேற்றிய அம்மையார் அவர்களே, இந்த மழையிலும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, ஒலிவாங்கியோடு இன்னமும் போராடிக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் என்னை ஆய்வாளர் என்று அறிமுகம் செய்தார். அது அவருடைய பெருந்தன்மை. நான் ஓய்வுபெற்ற மருந்தாளர்.

மருந்துப்போலி, அதாவது உள்ளே மருந்தே இல்லாமல் மருந்து என்று கொடுக்கப்படும் பிளசீபோ, தரும் நிவாரணம் ஹோர்மோன்களால் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதைப் பற்றி மூன்று விடயங்கள் சொல்வேன்: ஒன்று, வலியைத் தணிக்கும் சுரப்புகள், இரண்டு, பயத்தில் ஊறும் கோர்ட்டிசோல், மூன்று, ஆண் பெண் வேறுபாடு.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள் நம்மவர்கள். இதை நான் எந்த மேடையிலும் சொல்லுவேன், இன்றைக்கும் விடப்போவதில்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் சிறுவயதில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. வைத்தியர் வயதானவர். கண்ணாடி ஜாடியில் சிவப்பு மிக்ஸ்சர். போத்தலில் காகிதம் வெட்டி ஒட்டி வேளைக்கு அளவு காட்டியிருப்பார்கள். என் பெரியம்மாவுக்குத் தலைவலி வந்தால் அங்கேதான் போவார். வைத்தியர் முதலில் மருந்தைப் பற்றிப் பேசமாட்டார். “மூத்தவனுக்கு வேலை கிடைத்ததா? மருமகள் இன்னும் கோபமா?” என்று கேட்பார். மருமகள் கதை முடிய நேரமாகும். வெளியே வரிசை முணுமுணுக்கும். ஒருமுறை வைத்தியர் ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்த இளைஞர் தலையை நிமிர்த்தாமல் துண்டு எழுதினார். அதே ஜாடி, அதே சிவப்பு மிக்ஸ்சர். பெரியம்மா இரண்டு வேளை குடித்துவிட்டு, “இது பச்சைத் தண்ணீர்” என்று போத்தலைக் கழுவி வைத்துவிட்டார். பெரியவர் திரும்பி வந்ததும் மறுபடி போனார். மருமகள் கதையை முதலிலிருந்து சொன்னார். வைத்தியர் அதே ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். போத்தலின் மூடியைத் திறக்காமலே, பஸ் தரிப்பிடம் வருவதற்குள் தலைவலி போய்விட்டது! “அவருக்குக் கைராசி” என்றார் பெரியம்மா. கை என்ன செய்தது பாவம், எல்லாம் வாய் செய்த வேலை.

சிரிக்கிறீர்கள். 1978இல் கலிபோர்னியாவில் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர் இதை ஆராய்ந்தார்கள். பல் பிடுங்கியவர்களுக்கு மருந்துப்போலி கொடுத்தார்கள். சிலருக்கு வலி தணிந்தது. பிறகு நலோக்சோன் கொடுத்ததும் தணிந்த வலி ஏறியது. நலோக்சோன் என்பது மோர்ஃபின் என்ற வலிநிவாரணியின் வேலையைத் தடுக்கும் மருந்து. அப்படியானால் அந்த நிவாரணம் வெறும் கற்பனையாக இருக்க முடியாது. மோர்ஃபின் போல உடலே ஊறவைத்த எண்டோர்ஃபின்தான் அதைச் செய்திருக்க வேண்டும். இத்தாலியில் பெனடெட்டி என்ற ஆய்வாளர் கண்டது இன்னும் சுவையானது: வைத்தியர் கண்ணெதிரே வந்து ஏற்றிய வலிநிவாரணி, நோயாளிக்குத் தெரியாமல் இயந்திரம் ஏற்றியதைவிட நன்றாக வேலை செய்தது.

தாய் பிள்ளைக்குப் பாலூட்டும்போது சுரக்கும் ஒக்சிடோசின் என்ற ஹோர்மோனையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. 2013இல் ஜெர்மனியில் ஆரோக்கியமான ஆண்களின் மூக்கில் அதைத் தெளித்து, மருந்தே இல்லாத களிம்பை வலிக்களிம்பு என்று பூசினார்கள். ஒக்சிடோசின் பெற்றவர்களுக்கு நிவாரணம் கூடுதலாகத் தெரிந்தது. 2016இல் லுவானா கொலோக்கா என்ற ஆய்வாளரின் குழு வேறு முடிவைக் கண்டது: வாசோப்ரெசின் என்ற இன்னொரு ஹோர்மோன் பெண்களிடம் மருந்துப்போலியின் பலனைக் கூட்டியது, ஆண்களிடம் கூட்டவில்லை. அந்த மூன்றாவது விடயத்துக்குப் பிறகு வருகிறேன்.

என் கட்சிக்கு எதிரான சாட்சியும் உண்டு. பேச்சினால் வலி மாறுகிறது. ஆனால் வெறும் பேச்சினால் கோர்ட்டிசோல் அளவு மாறவில்லை என்று அதே பெனடெட்டி 2003இல் காட்டினார். உண்மையான மருந்தைச் சில நாள் பழக்கிய பிறகுதான் மருந்துப்போலிக்கு அது அசைந்தது. ஆகவே யாரும் இன்சுலினை வீசிவிட்டு வைத்தியரோடு கதை பேசப் போகவேண்டாம். பிரதம விருந்தினர் என்னை மன்னிக்கமாட்டார்.

சரி, வாயுள்ள பிள்ளை பிழைக்கும். எந்த மொழி வாய்? இந்த நகரத்து அரச வைத்தியசாலை ஒன்றில் என் அயலவர் அம்மா நெஞ்சு எரிகிறது என்று சொல்ல, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரின் பேத்தி, பாடசாலைச் சிறுமி, சிங்களத்தில் மாற்றிச் சொன்னாள். பெண் நோயைக்கூட அந்தப் பிள்ளை வாயால் சொல்லவேண்டுமா? வைத்தியரைக் குறை சொல்லவில்லை. அவர் புன்னகைத்தார், பாவம், அதற்குமேல் முடியவில்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வார்ட்டுக்குள் அது இன்னும் வந்துசேரவில்லை. ஊசியும் குளிசையும் எல்லோருக்கும் ஒன்று. அதன்மேல் வைத்தியரின் பேச்சு சேர்க்கும் கூடுதல் நிவாரணம் மட்டும் மொழி தெரிந்தவருக்கு என்றால், அது சிகிச்சையில் பாரபட்சம் இல்லையா?

கோரிக்கை சிறியது: வார்ட்டுக்கு ஒருவர், இரவுக் கடமையிலும், தமிழ் பேசத் தெரிந்தவராக இருக்கவேண்டும். அந்த வேலைக்குத் தனிச் சம்பளம் கொடுங்கள். தேநீர் கொண்டுவரும் ஊழியரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். கோர்ட்டிசோலின் மீதியையும் ஆண் பெண் வேறுபாட்டையும் அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். இந்தக் கோரிக்கைக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. அடையாள அட்டை இலக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். வடைக்குப் போகுமுன் கையொப்பமிடுங்கள். போனமுறை தாள் முழுக்க எண்ணெய்.