மொட்டைமாடிக்கு வாடகை தருகிறார்கள், கையொப்பம் யாருடையது?

வணக்கம் உறவுகளே! நான் நிற்பது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில், ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சியில். கீழே நகைக்கடை. மேலே ஒரு தண்ணீர்த் தாங்கி, நாலு காகம், காயப்போட்ட ஒடியல். இந்த வெறும் இடத்துக்கு மாதாமாதம் வாடகை தர ஆட்கள் இருக்கிறார்கள்!

கைத்தொலைபேசிக் கோபுரக்காரர், விளம்பரப் பலகைக்காரர், சோலார்க்காரர். கூரை வெயிலை மின்சாரமாக்கி மின்சார சபைக்கு விற்கும் திட்டம் 2016இல் வந்தது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 100 சதுர அடி வேண்டும். மாநகர சபை அனுமதி, பொறியியலாளரின் பாரச் சோதனை என்பனவும் உண்டு. அவை கிடக்கட்டும்.

(காட்சி: பழைய உறுதிப் பத்திரம்)

சுவையான இடம் இதுதான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதவேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம்! சரி, எழுதுவது யார்? உறுதி மனைவியின் பெயரில், சீதனமாக வந்தது. அவர் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றால், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தன் அசையாச் சொத்தைப் பொதுவாகக் கைமாற்றவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. இது 1911ஆம் ஆண்டுச் சட்டம். சீதன வீட்டில் வாய் திறக்காத மனிதருக்கு அன்றைக்குத்தான் மரியாதை! சிரித்தாலும் எனக்கு இது பிடிக்கவில்லை. கணவர் தன் முதுசத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை எழுதிக் கொடுக்க மனைவியைக் கேட்கத் தேவையில்லையே, ஏன் இந்த ஓரவஞ்சனை? கருத்துப் பெட்டியில் சண்டை பிடியுங்கள், நான் வாசிப்பேன்.

பிரிபடாத பங்கு என்றால் இன்னும் கூத்து. அண்ணா கனடாவில், அக்கா லண்டனில், தம்பி இங்கே வாடகை பேசுகிறார். அவர்களுக்காகக் கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோர்ணித் தத்துவம் கையில் இல்லாமல் முற்பணம் வாங்கினால், அடுத்த தொலைபேசி அழைப்பு நலம் விசாரிக்க வராது.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது வாடகைத் தொகையை அல்ல. ஆணி அடித்த இடத்தால் மாரி மழை ஒழுகினால் யார் திருத்துவது? மின்சாரத்துக்குத் தனி மீற்றர் உண்டா? நாளைக்கு இன்னொரு மாடி கட்ட நினைத்தால், யாருடைய செலவில் கழற்றுவது? இந்த மூன்றுக்கும் பத்திரத்தில் பதில் இல்லை என்றால், பேனையை மூடிவிட்டு ஒடியலைப் பிரட்டிவிடப் போங்கள்.