ஆதன்: பானை ஓட்டில் கிடைத்த பெயர்

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருப்பவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள், பேரப்பிள்ளைக்குத் தேடுகிறவர்கள் அதைவிட அதிகமாக இருப்பீர்கள். இன்றைக்கு நான் பேசப்போவது ஒரே ஒரு பெயரைப் பற்றி. ஆதன்.

ஆதவன் தெரியும், ஆதித்யன் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆதன் என்று பெயர் உள்ள ஆளை நேரில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒருவர்தானா? அதுவும் எல்.கே.ஜி. பையனா? நினைத்தேன். நான் கேள்விப்பட்ட ஆதன்கள் எல்லாமே கீழடி அகழாய்வில் இந்தப் பெயர் கிடைத்த பிறகு பிறந்த பிள்ளைகள்தான். இங்கிலாந்தில் எந்தப் பெயரை எத்தனை குழந்தைகளுக்கு வைத்தார்கள் என்று அரசாங்கமே ஆண்டுதோறும் பட்டியல் போடுகிறது, நம்மிடம் அந்த வழக்கம் கிடையாது, அதனால் கையைத் தூக்கச் சொல்லித்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை, மதுரைக்குப் பக்கத்தில் வைகைக் கரையில் இருக்கும் கீழடி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 2017-18இல் நடந்த நாலாம் கட்ட அகழாய்வில் தமிழி, அதாவது தமிழ் பிராமி என்ற பழைய தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் 56 கிடைத்திருந்தன, அவற்றில் குவிரன், ஆதன் என்ற பெயர்கள் இருந்தன. செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டது கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்ற ஒன்றைத்தான். அந்தக் காலக்கணக்கு அங்கே கிடைத்த கரி மாதிரியை வைத்துச் சொன்னது, எழுத்துக்கும் அதே வயதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், வாதாடட்டும். எனக்குச் சுவையாகப் பட்டது வேறு. பானையைச் சுட்டு முடித்த பிறகு, கழுத்துக்குக் கீழே தோள் பக்கத்தில் கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள், ஒவ்வொரு ஓட்டிலும் கையெழுத்து வேறு வேறாக இருக்கிறது. குயவரே எழுதியிருந்தால் மண் ஈரமாக இருக்கும்போதே, ஒரே கையில் எழுதியிருப்பார். ஆகவே வாங்கிக்கொண்டு போனவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கீறிக்கொண்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுகிறோமே, அதே வேலைதான். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது, அவ்வளவே!

கீழடி மட்டும் இல்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது, இரும்பு உருக்கியதற்கும் கல்மணி செய்ததற்கும் பேர்போன ஊர். அங்கே கிடைத்த ஓடு ஒன்றில் ‘கண்ணன் ஆதன்’ என்று இருக்கிறது. வைகைக் கரையில் ஒரு ஆதன், நொய்யல் கரையில் ஒரு ஆதன், இரண்டு பேரும் யாரென்று எந்தப் பாட்டிலும் இல்லை.

அப்புறம் அதே பெயர் அரண்மனையிலும் இருக்கிறது, இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. கரூர் பக்கம் புகளூரில் ஆறுநாட்டார் மலை என்று ஒரு குன்று. அங்கே ஒரு சமணத் துறவி தங்குவதற்காகப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி கல்வெட்டாக இருக்கிறது. வெட்டிக் கொடுத்த இளவரசனின் தாத்தா பெயர் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’. கோ என்றால் அரசன். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது, சேர அரசர்களைப் பத்துப் பத்துப் பாட்டாகப் பாடும் பதிற்றுப்பத்தில் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் அரசர் வரிசையோடு அது பொருந்துவதாக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஏழாம் பத்தின் தலைவன் செல்வக்கடுங்கோ வாழியாதன், பாடியவர் கபிலர். கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்து, ‘உங்கள் கை இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே’ என்று கேட்டவன் இந்த ஆதன்தான். நீ போட்ட கறிச்சோற்றைத் தின்பதைத் தவிர வேறு வேலை தெரியாத கை, மென்மையாக இல்லாமல் எப்படி இருக்கும் என்றார் கபிலர். புறநானூறு 14ஆம் பாட்டு, இன்றைக்கு வீட்டுக்குப் போய் எடுத்துப் படியுங்கள்.

சேரர்களில் பாதிப் பேர் ஆதன்கள் என்றே சொல்லிவிடலாம். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், இன்னும் பெருஞ்சேரலாதன். இந்தக் கடைசி ஆள் கொஞ்சம் நெஞ்சைத் தொடுகிறவன். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு நடந்த போரில் அவன் மேல் பட்ட வேல் முதுகு வரைக்கும் புண்ணாக்கிவிட்டது, முதுகில் புண் இருப்பது மானக்கேடு என்று வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிரை விட்டான். வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பால் புலவர் வென்ற கரிகாலனைப் பார்த்தே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று பாடினார். ஜெயித்த ராஜாவின் முகத்துக்கு நேரே! இப்போதெல்லாம் அந்தத் துணிச்சல் யாருக்கு வரும், விடுங்கள்.

வேங்கட மலைப் பக்கத்துத் தலைவன் ஆதனுங்கன் என்று ஒருவன். கள்ளில் ஆத்திரையனார் அவனிடம், என் நெஞ்சைத் திறந்து பார்க்கிறவர்கள் அங்கே உன்னைத்தான் பார்ப்பார்கள் என்கிறார். பூதப்பாண்டியன் தன் நண்பர்கள் பெயரை அடுக்கும்போது ஆதனழிசி வருகிறான். ஐங்குறுநூற்றைத் திறந்தால் முதல் பத்துப் பாட்டும் ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்றுதான் தொடங்குகின்றன. வாழ்த்திவிட்டு அடுத்து என்ன கேட்கிறார்கள் தெரியுமா, நெல் விளையட்டும், பால் ஊறட்டும், பசி இல்லாமல் போகட்டும், நோய் தூரப் போகட்டும் என்று. காதல் பாட்டுப் புத்தகத்தின் வாசலில் ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியும்!

இப்போது அர்த்தத்துக்கு வருகிறேன், நீங்கள் காத்திருப்பது அதற்குத்தான் என்று தெரியும். பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் ஆதன் என்றால் சூரியன் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆதவன் பக்கத்தில் இருப்பதால் வந்த ஆசை அது. பிற்கால அகராதிகளைப் புரட்டினால் ஆதர் என்ற சொல்லுக்கு அறிவில்லாதவர், குருடர் என்று பொருள் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு பெயரை மாற்றினவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் அகராதியைத் தப்பான இடத்தில் திறக்கின்றன என்பது என் கட்சி. முன்னூறு ஆண்டு, நானூறு ஆண்டு மக்கள் வாயில் புழங்கிய பெயருக்கு அர்த்தம் அதை வைத்துக்கொண்டவர்கள்தான். கபிலருக்குச் சோறு போட்டவன், முதுகுப் புண்ணுக்காக உயிர் விட்டவன், தன் பானையில் தானே கீறினவன். சேர அரசனும் கொடுமணல்காரனும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு தயக்கம் இல்லாமல் வாழ்ந்திருக்கிறார்கள், அதற்கு மேல் என்ன மங்கலம் வேண்டும்?

பெயர் ஏன் வழக்கொழிந்தது என்று கேட்பீர்கள். பக்தி இயக்கத்துக்குப் பிறகு சாமி பெயர்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன, ஆதனுக்குக் கோயிலும் இல்லை கதையும் இல்லை. கூடப் பிறந்த சாத்தன் தப்பித்தான், சோழர் காலக் கல்வெட்டு வரைக்கும் நடமாடினான், ஆனால் பாவம், மலையாளத்துப் பக்கம் போய்க் குட்டிச்சாத்தானாகிவிட்டான். ஆதனூர்கள் பல இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன, நந்தனார் பிறந்ததே ஓர் ஆதனூரில்தான் என்கிறது பெரியபுராணம். அதற்காக ஒவ்வொரு ஆதனூரிலும் ஓர் ஆதனை உட்காரவைக்க நான் தயாராக இல்லை. கும்பகோணம் பக்கத்து ஆதனூர்க்காரர்களைக் கேட்டால் ஆ என்பது காமதேனு என்று தலபுராணம் சொல்வார்கள், அதைக் கேட்டுவிட்டு நல்லபடியாக ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ஒன்று மட்டும் எச்சரித்துவிடுகிறேன். தொல்காப்பியத்தில் புள்ளி மயங்கியல் என்று ஒரு பகுதி, அங்கே ஆதன், பூதன் என்ற இரண்டு பெயருக்கும் தனியாகவே ஒரு விதி இருக்கிறது. ஆதனுக்குத் தந்தை என்றால் ஆதன்தந்தை என்று எழுதக் கூடாது, ஆந்தை என்றுதான் வரும். பூதனுக்குத் தந்தை பூந்தை. ஒரு பெயருக்குத் தனி விதி எழுதவேண்டும் என்றால் அது எவ்வளவு பேர் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள், எந்தக் கணக்கெடுப்பையும்விட இது எனக்குப் பெரிய சாட்சி. பிசிராந்தையார் பெயரைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது நம்மில் எத்தனை பேர் பறவையை நினைத்தோம்? பிசிர் என்ற ஊரில் இருந்த, ஆதன் என்ற பிள்ளையைப் பெற்ற அப்பா அவர். கோப்பெருஞ்சோழனைப் பார்க்காமலே நட்புக்கொண்டு, அவன் வடக்கிருந்த இடத்துக்குத் தேடி வந்தவரின் சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை, மகன் பெயர்தான் வந்திருக்கிறது. கிராமத்தில் இன்னும் ‘முருகன் அப்பா’ என்றுதானே கூப்பிடுகிறார்கள், அதே கணக்கு. ஆகவே மகனுக்கு ஆதன் என்று வைக்கிற அப்பாக்கள், இலக்கணப்படி உங்களை ஊர் என்ன சொல்லிக் கூப்பிடலாம் என்பதையும் தெரிந்துகொண்டே வையுங்கள்.

பெண் குழந்தைக்கு என்ன வைப்பது என்று பின்வரிசையில் அந்தத் தங்கச்சி கேட்கிறது. சாத்தனுக்குச் சாத்தி, கொற்றனுக்குக் கொற்றி என்று இலக்கண உரைக்காரர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக எடுத்துக்காட்டு கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், வகுப்பில் எழுதியிருப்பாய். கொற்றி எனக்குப் பிடித்த பெயர், வெற்றி என்ற பொருளும் கொற்றத்தில் இருக்கிறது, மாமியார் ஒத்துக்கொள்வாரா என்பது உன் பாடு. நன்றி, வணக்கம்.